காசு வந்தால் பத்திரிகை வாசகரோடு பேசுமா? – கேள்வி பதில்

பொருளாதார வளர்ச்சிக்கும், இணைய நாளிதழ்கள் வாசகரைப் பேசவிடுவதற்கும் என்ன தொடர்பு? கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தமிழ் வாசகர்கள் கேட்டதற்கு இதழியல் கற்பிக்கும் நம் உறுப்பினரின் பதில்கள்.

மறையூர் வாசகர்: சார், பணக்கார நாட்டு நாளிதழ்களில்தான் வாசகர் கருத்து, வாக்கெடுப்பு எல்லாம் அதிகமா?

பெரும்பாலும் ஆமாம். வளர்ச்சி வந்தால் இணைய வசதி பெருகும், விளம்பரமும் கூடும். வருகிற கருத்துகளைப் படித்து, வசையை நீக்கி, பதில் சொல்லச் சம்பள ஆள் வேண்டும். அந்தச் செலவைச் சின்னப் பத்திரிகை தாங்காது. பெரிய செய்தி நிறுவனமான ராய்ட்டர்ஸும் 2014இல் செய்திகளின் கீழ் கருத்து எழுதும் வசதியை எடுத்துவிட்டது; ஆனால் அது சொன்ன காரணம், விவாதம் சமூக ஊடகத்துக்குப் போய்விட்டது என்பது.

பீர்மேடு வாசகர்: அப்போ பணம் இருந்தால் போதுமா?

போதாது. சிங்கப்பூர் வசதியான நாடுதான். ஆனால் 2013 முதல் அங்கே பெரிய செய்தித் தளங்கள் உரிமம் பெற்று, 50,000 சிங்கப்பூர் டாலர் பிணை கட்ட வேண்டும். அரசு நீக்கச் சொன்னதை 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும். தென் கொரியாவில் 2000இல் தொடங்கிய ஓமைநியூஸ் என்ற இணைய நாளிதழோ வாசகரையே நிருபராக்கியது. வேகமான இணையத்தோடு, 1987 ஜனநாயகப் போராட்டத்தில் கிடைத்த பேச்சுரிமையும் அதற்குத் துணை நின்றது.

தேவிகுளம் எஸ்டேட் வாசகி: அண்ணே, எங்க லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) எல்லார் கையிலும் போன் இருக்கு. பத்திரிகைத் தளத்தில் யாரும் எழுதுறதில்லையே, ஏன்?

2016இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிவானது உண்மைதாம்மா. ஆனால் டவர்? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் சேதி வெளியே வர மறுநாள் காலை ஆனது. உயிர் போகிற சேதிக்கே அந்தக் கதி.

அடுத்தது மொழி. இடுக்கிச் செய்தி விரிவாக வருவது மலையாளத்தில். தமிழ் நாளிதழ்களுக்கு நீங்கள் வெளி மாநிலம். யாரிடம் போய் எழுதுவீர்கள்? பகலெல்லாம் கொழுந்து பறித்த கைக்கு ஓய்வும் வேண்டும். சொல்ல விஷயம் இல்லாதவர்களா நீங்கள்? 2015இல் போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்த ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) அமைப்பின் தேயிலைத் தோட்டப் பெண்கள் பேசியதை நாடே கேட்டது. கருத்து எழுத ஒரு பெட்டி வைத்தாயிற்று என்று பத்திரிகைகள் திருப்திப்படுவது எனக்கு ஆறவே இல்லை. உங்கள் மொழி தெரிந்த நிருபர் ஒருவராவது வேண்டும்.

குமுளி வாசகர்: செய்தியில் தப்பு இருந்தால் கருத்தில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஆசிரியருக்கு மின்னஞ்சலும் போடுங்கள். செய்தித் தேதி, தலைப்பு, தவறான வரி, சரியான தகவல், இவ்வளவு போதும்.