சிறைக்குப் போய் வந்தவருக்கு முதியோர் உதவித்தொகை உண்டா?

கேள்வி: ஐயா, எனக்கு 66 வயது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2008-ல் உள்ளே போனேன். அண்ணா பிறந்தநாளையொட்டி அறிவிக்கப்பட்ட முன்விடுதலையில் 2022-ல் வெளியே வந்தேன். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அம்மா விட்டுச்சென்ற ஓட்டு வீட்டில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறேன். ஆதாரும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை. முதியோர் உதவித்தொகை கேட்டுப் போனேன். 'ஜெயிலுக்குப் போனவருக்கு அதெல்லாம் கிடையாது' என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே கிடையாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: உண்டு ஐயா. உங்களிடம் சொன்னது தவறு. முதியோர் உதவித்தொகைக்கு வயதையும், வறுமையையும், ஆதரவற்ற நிலையையும்தான் பார்க்க வேண்டும். தண்டனை பெற்றவரா என்பது அதில் ஒரு கேள்வியே அல்ல. ரேஷன் கார்டுக்கும் அப்படித்தான்.

நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயுள் சிறைவாசி ஒருவரை முன்கூட்டியே விடுவிக்கும் முன், எங்களைப் போன்றவர்கள் அவர் ஊருக்கே போவோம். தங்க வீடு இருக்கிறதா, உறவினர் யார், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுவோம். 2021-ல் 700 பேருக்கு முன்விடுதலை என்று அரசு அறிவித்தபோதும் விசாரணை இல்லாமல் யாரையும் அனுப்பவில்லை. நீங்கள் யார், எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று எழுதி வைத்திருக்கும் அரசின் இன்னொரு அலுவலகம், 'நீ யார் என்பதற்கு ஆதாரம் கொண்டுவா' என்று உங்களை வாசலில் நிறுத்துகிறது. விடுதலையாகும் நாளில் கையில் கொடுப்பது சொந்தத் துணி, உழைத்த கூலி, ஊர் போய்ச்சேரப் பயணப்படி, ஒரு விடுதலைச் சான்று. அதோடு ஆதாரையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவது சிறை நிர்வாகத்தின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் சிக்கலின் வேர் ஆதார்தான். நீங்கள் உள்ளே போன பிறகு, 2010-ல்தான் ஆதார் வந்தது. 2017-ல் ரேஷனுக்கு ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது ஆதார் இல்லாத உங்கள் பெயர் விடுபட்டுப்போயிருக்கும். எனவே முதலில் உதவித்தொகைக்கு அலையாதீர்கள். வாக்காளர் பட்டியலில் இருந்து தொடங்குங்கள். சிறையில் இருக்கும்போது வாக்களிக்க முடியாதே தவிர, வெளியே வந்தவருக்கு அந்தத் தடை இல்லை. 2025-ல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியல்களை இணையத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டு, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-உடன் கொடுங்கள். வாக்காளர் அட்டை கைக்கு வந்தால் அதுவே ஆதாருக்கு அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் ஆகும். சிறைத் தறியிலும் தோட்டத்திலும் உழைத்து ரேகை தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஆதாருக்குக் கருவிழியையும் பதிவு செய்கிறார்கள்.

ஆதார் வந்தபின் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். தனியாகச் சமைக்கிறீர்களா என்று வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அடுப்பைக் காட்டுங்கள். இழுத்தடித்தால், மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமுக்குப் போங்கள். அதன்பின் இ-சேவை மையத்தில் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய் தருகிறார்கள்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி யார் 'கிடையாது' என்றாலும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தைக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. எழுத்தில் இருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அதையே மனுவோடு இணைக்கலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள், 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரையும் போய்ப் பாருங்கள். விடுதலையானவர்கள் சிறுதொழில் தொடங்க உதவும் சங்கத்துக்கு உங்கள் மனுவை அவர் அனுப்பிவைப்பார்.

கேள்வி: என் அண்ணனின் விடுதலைச் சான்று மழையில் நனைந்து கிழிந்துவிட்டது. வேறு வாங்க முடியுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கேட்டு வாங்கலாம் அம்மா. எந்தச் சிறையிலிருந்து வெளியே வந்தாரோ, அதன் கண்காணிப்பாளருக்குச் சிறைவாசி எண், வழக்கு எண், விடுதலையான தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அண்ணனே விண்ணப்பிக்கட்டும். எண் மறந்துபோயிருந்தால் தீர்ப்பு நகலில் உள்ள வழக்கு விவரம் போதும், பதிவேட்டில் தேடி எடுத்துவிடுவார்கள். சட்டைப்பையில் எட்டாக மடித்தே வைத்திருந்து, வியர்வையில் முத்திரை அழிந்த சான்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புதியது வந்ததும் நகல்கள் எடுத்து வையுங்கள், அலுவலகங்களில் நகலை மட்டும் கொடுங்கள்.