வலது பக்கத்தையும் சேர்த்து எடுத்துடலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 43. இடது மார்புல 3 செ.மீ. கட்டி, பயாப்ஸில கேன்சர்னு வந்துடுச்சு, அக்குள்லயும் நெறி கட்டியிருக்காம். முதல்ல கீமோ, அப்புறம் இடது மார்பை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. நல்லா இருக்கற வலதையும் ஒரே மயக்கத்துல எடுத்துடு, நிம்மதியா இருக்கலாம்னு அக்கா சொல்றா. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியே எடுத்துக்கிட்டாங்களாமே? எங்க குடும்பத்துல யாருக்கும் மார்பு கேன்சர் கிடையாது. அப்பாவோட தங்கச்சி மட்டும் வயித்துல தண்ணி கோர்த்து 48 வயசுல போயிட்டாங்க, சினைப்பையில கட்டின்னாங்க, ஆனா அது அப்பா வழிதானே. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அம்மா, நீங்க கடைசியில போற போக்குல எழுதின அந்த அத்தை விஷயத்துக்கு நான் வருவேன், உங்க கடிதத்துலயே முக்கியமான வரி அதுதான். அதுக்கு முன்னாடி அக்கா சொன்னதைப் பாத்துடுவோம்.

உங்க அக்கா மட்டுமில்ல, என் ஓ.பி.ல இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. இடது பக்க கேன்சர் நடந்து வலது பக்கத்துக்குப் போயிடும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. பொதுவா அப்படிப் போறதில்ல. மார்பு கேன்சர் பரவுச்சுன்னா எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளைன்னுதான் போகும், அடுத்த மார்புல வர்றது பெரும்பாலும் புதுசா வர்ற இன்னொரு கேன்சர். உங்க உசுருக்கு இப்ப ஆபத்துன்னா அது இடது பக்கத்துலயும் அக்குள்லயும் இருக்கறதாலதான், அதை கவனிக்கறது கீமோ, சர்ஜரி, தேவைப்பட்டா ரேடியேஷன். வலது மார்பை எடுத்தா இதுல ஒண்ணும் மாறாது.

2024ல அமெரிக்கப் பெண்களோட கணக்கை வெச்சு கனடா டாக்டர்கள் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க. கட்டிய மட்டும் எடுத்தவங்க, ஒரு மார்பு எடுத்தவங்க, ரெண்டும் எடுத்தவங்கன்னு ஒவ்வொரு குழுலயும் 36,028 பேர். ரெண்டையும் எடுத்தவங்களுக்கு அடுத்த பக்கத்துல கேன்சர் வர்றது ரொம்பவே குறைஞ்சுது, சரிதான். எடுக்காதவங்கள்ல 20 வருஷத்துல 100க்கு 7 பேர் கிட்ட வந்துச்சு. ஆனா மார்பு கேன்சர்ல இறந்தவங்க? மூணு குழுலயும் 100க்கு 16, 17ன்னு கிட்டத்தட்ட ஒரே அளவு. உங்க கட்டி ஹார்மோன் பாசிட்டிவ்னா, அதாவது பெண் ஹார்மோனால வளர்ற வகைன்னா, அஞ்சு வருஷம் பத்து வருஷம்னு போட்டுக்கற டாமோக்சிஃபென் மாதிரி மாத்திரையே அந்த 7ஐ இன்னும் கீழ இறக்கிடும்.

ரெண்டு பக்க சர்ஜரின்னா ரெண்டு காயம், நீர் கோர்க்கறது, சீழ் வைக்கறது எல்லாமே அதிகம். காயத்துல ஊறற நீரை வெளிய எடுக்கற ஒரு டிரெயின் பாட்டிலை மஞ்சப்பையில போட்டு தோள்ல மாட்டிக்கிட்டு வீட்ல நடமாடறதே கஷ்டம், இதுல ரெண்டு பாட்டில், ரெண்டு கையையும் தூக்க முடியாது, தலை பின்னிவிடக் கூட ஒரு ஆள் வேணும். நல்லா இருந்த மார்புல ஏற்பட்ட காயம் ஆறாம ரேடியேஷன் தள்ளிப்போனா அதுதான் உண்மையான நஷ்டம். உணர்ச்சியும் போயிடும், இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. ஒரு பக்கம் மட்டும் எடுத்தா ஜாக்கெட் எப்படி நிக்கும்னு கேக்கறவங்களும் உண்டு, தப்பில்ல, கேக்க வேண்டியதுதான். சிலிக்கான் பேட் இருக்கு, மார்பை திரும்ப உருவாக்கற சர்ஜரியும் இருக்கு. என்கிட்ட வந்த ஒரு தையல்கார அம்மா பருத்தித் துணியில பை தைச்சு, தராசுல நிறுத்துப் பாத்து கடுகு நிரப்பி வெச்சுக்கிட்டாங்க, ரெண்டு பக்கமும் ஒரே கனமாம். எனக்கு எடுத்துக் காட்டிட்டு அப்படி ஒரு சிரிப்பு.

இப்ப அத்தை. அப்பா வழி கணக்குல வராதுன்னு யார் சொன்னாங்கன்னு தெரியல, ரொம்பப் பேர் இதை நம்பறாங்க. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2ன்னு ரெண்டு ஜீன் (மரபணு), அதுல கோளாறு இருந்தா அப்பா கிட்டேருந்தும் பிள்ளைக்கு வரும், அம்மா கிட்டேருந்தும் வரும், ரெண்டுமே பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆம்பளைகளுக்குப் பெரும்பாலும் வெளிய தெரியாது, ஆனா கடத்தி விட்டுடுவாங்க. இந்தக் கோளாறு மார்போட நிக்காது, சினைப்பையையும் பிடிக்கும். சின்ன வயசுலயே சினைப்பையில கட்டி வந்து வயித்துல தண்ணி கோர்த்து இறந்த அத்தை, 43 வயசுல மார்பு கேன்சரோட நீங்க, இதைப் பாத்தா எந்த கேன்சர் டாக்டரும் ஜீன் டெஸ்ட் எழுதுவாங்க. கொஞ்சம் ரத்தம் எடுத்தா போதும், ரிசல்ட் வர சில வாரம் ஆகும்.

டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்தா நான் மேல சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. அடுத்த மார்புல வர்ற வாய்ப்பு 20 வருஷத்துல பிஆர்சிஏ1ன்னா 40 சதவீதம், பிஆர்சிஏ2ன்னா 26 சதவீதம் கிட்ட போயிடும், அப்ப ரெண்டையும் எடுக்கறதைப் பத்தி தாராளமா பேசலாம். ஏஞ்சலினா ஜோலி 2013ல செஞ்சது இந்தக் காரணத்துக்காகத்தான், அவங்களுக்கு கேன்சரே வரல, பிஆர்சிஏ1 கோளாறு இருந்துச்சு, அதனால முன்கூட்டியே எடுத்துக்கிட்டாங்க. 2015ல சினைப்பையையும் எடுத்தாங்க, அந்தப் பாதிக் கதையை யாரும் வாட்ஸ்அப்ல அனுப்பறதில்ல. உங்களுக்கும் பாசிட்டிவ்னா வலது மார்பைவிட சினைப்பையை எடுக்கறதுதான் அவசரமான பேச்சா இருக்கும், ஏன்னா அதை மம்மோகிராம் (மார்பு எக்ஸ்-ரே) மாதிரி வருஷா வருஷம் பாத்து சீக்கிரம் கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்ல.

நெகட்டிவ்னு வந்தா இடது பக்கத்தை மட்டும் பாருங்க, வலதுக்கு வருஷம் ஒரு மம்மோகிராம் போதும். அதுக்கப்புறமும் பயம் தூங்க விடலன்னா ஒரு வருஷம் கழிச்சுக்கூட எடுத்துக்கலாம், எடுத்ததை மட்டும்தான் திரும்ப வைக்க முடியாது.

அவசரப்பட வேண்டாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் உங்களுக்கு முதல்ல கீமோ. அது முடிய நாலஞ்சு மாசம் ஆகும், அதுக்குள்ள ரிசல்ட் கைக்கு வந்துடும். அதனால முதல் கீமோவுக்குப் போறப்பவே ஜீன் டெஸ்ட் பத்திக் கேளுங்க. கட்டி நல்லா சுருங்கிட்டா கட்டிய மட்டும் எடுக்க முடியுமான்னும் கேட்டு வைங்க, சில பேருக்கு முடியும். அத்தையோட பழைய ஆஸ்பத்திரி ஃபைல் யார் வீட்டு பீரோவுலயாவது இருந்தா எடுத்துட்டுப் போங்க. கூட அக்காவையும் கூட்டிட்டுப் போங்க, உங்களுக்கு பாசிட்டிவ்னா அவங்களும் டெஸ்ட் எடுக்கணும், அவங்களுக்கும் அவங்க அத்தைதானே.