வரப்பில்லாத மூன்று வயல்கள்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் லாக்ஸ்டன் ஊரில் பொதுவயல் விவசாயம் இன்னும் நடப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வரப்பே இல்லாமல் பல பேர் ஒரே வயலில் உழுதால், பக்கத்துக்காரர் ஒரு சால் தள்ளி உழுதுவிட மாட்டாரா? யார் கேட்பது?

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

தள்ளி உழத்தான் செய்வார்கள். அதைப் பிடிப்பதற்கென்றே அங்கே ஒரு நாள் இருக்கிறது.

லாக்ஸ்டன் நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கிறது. மூர்ஹவுஸ் என்ற சிற்றூரும் சேர்ந்து ஒரே பாரிஷ், அதாவது ஒரே ஊர் நிர்வாகப் பகுதி. கனத்த களிமண். மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெருவயல்கள். ஒவ்வொரு குத்தகைக்காரருக்கும் மூன்றிலும் துண்டு துண்டாகப் பட்டைகள், அதாவது நீளவாக்கிலான நிலத்துண்டுகள். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு அல்லது தீவனம். ஆண்டுதோறும் இது சுழலும். ஒருவர் மட்டும் இஷ்டத்துக்கு வேறு பயிர் வைக்க முடியாது. நிலம் இப்படிச் சிதறிக் கிடப்பதால்தான் பண்ணை வீடுகள் வயல் நடுவே இல்லாமல் ஊர்த்தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன.

நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்த வயலுக்கு ஜூரி என்ற சோதனைக் குழு போகிறது. பன்னிரண்டு பேரும் அந்த ஊர் விவசாயிகள், அவர்களில் ஒருவர் தலைவர். அந்தச் சமயம் பயிர் முளைவிட்டிருக்கும்; யார் எதுவரை வந்தார் என்பதை அந்தப் பச்சையே காட்டிக்கொடுத்துவிடும். பட்டைகளின் எல்லையில் மரமுளை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் கோடு பிடித்துப் புதிதாக அடிக்கிறார்கள். பக்கத்துப் பட்டைக்குள் நுழைந்தது ஒரு குற்றம். வண்டிப்பாதையையோ ‘சைக்’ என்ற புல்தரையையோ உழுதது இன்னொன்று. என் பார்வையில் இதுதான் பெரியது, ஏனென்றால் பறிபோவது எல்லோருக்கும் பொதுவான இடம். தப்பு எல்லாமே பேராசையால் வருவதில்லை. கலப்பை மண்ணைப் பக்கவாட்டில் புரட்டுவதால் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். முளை தொலைந்தால் இரண்டு மூன்று உழவிலேயே கோடு கலைந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து டவ்கோட் என்ற மதுக்கடையில் ‘கோர்ட் லீட்’ என்ற பழங்கால ஊர் மன்றம் கூடும். ஜூரி சொல்லும் குற்றங்களுக்கு அபராதம் விதிப்பது, அடுத்த ஆண்டு ஜூரிக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைப்பது எல்லாம் அங்கேதான். 1977-இல் நாடாளுமன்றம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டபோது, லாக்ஸ்டனுடையதை மட்டும் விட்டுவைத்தது. அபராதம் சின்னத் தொகைதான். ஆனால் தீர்ப்பு சொல்பவர் நாளைக்கும் அதே தெருவில் எதிரே வருபவர், உறைப்பது அதுதான்.

நிலத்தின் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1952-இல் அப்போதைய நிலவுடைமையாளரான ஏர்ல் மான்வர்ஸ் என்ற பிரபு அரசின் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் கைக்கும், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் கைக்கும் போனது. முறை மட்டும் அப்படியே தொடர்கிறது. 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த நில வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் பட்டைகள் இன்னும் மெலிதாக, எண்ணிக்கையில் பல மடங்காக இருக்கும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பலவற்றை ஒன்றுசேர்த்து அகலமாக்கினார்கள்.

நேரில் போகிறவர்கள் ஜூன் மாதம் போகலாம். ஈரத்தாலோ சரிவாலோ கலப்பை படாமல் விட்ட சைக்குகளில் காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும். அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். அறுப்பு முடிந்த பிறகு போனால் பூ மிஞ்சாது.