சிடுமூஞ்சி இன்ஸ்பெக்டர் – கடிதம்

அன்புள்ள சார்,

வேலூரில் நடக்கும் அந்தத் துப்பறியும் நாவலை, எல்லோரும் பேசுகிறார்களே என்று வாங்கினேன். 340 பக்கம். மே மாதம், தனியாக வாழும் வட்டிக்கடைக்காரர் தன் வீட்டில் கத்தியால் குத்தப்பட்டுக் கிடக்கிறார். விசாரிக்க வரும் பெண் இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். எனக்கு அவரைத் துளியும் பிடிக்கவில்லை. கடைசியில் மருமகனை அறைந்து உண்மையைக் கக்கவைக்கும் இடம் மட்டும்தான் விறுவிறுப்பு. “இதுவே ஆம்பள இன்ஸ்பெக்டர்னா ரசிச்சிருப்பீங்க” என்கிறாள் என் மனைவி. அப்படித்தானா? துப்பறிபவரைப் பிடிக்காமல் ஒரு துப்பறியும் நாவலை ரசிக்க முடியுமா?

முரளி

அன்புள்ள முரளி,

உங்கள் மனைவி சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கும். அதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நாவல் பிடிக்காவிட்டால் எழுதியவரைத் திட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். குறை நம்மிடம் இருக்குமோ என்று யோசித்தீர்களே, அதற்காகவே இந்தப் பதில். நாவலை நானும் வாசித்தேன்.

ஆனால் அந்த அறை விழும் இடம் விறுவிறுப்பு என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகும் லாக்கப் அடியைத் திருப்பம் என்று எழுதுகிறார்கள், நீங்களும் நகம் கடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். நியாயம் கிடக்கட்டும், கதையாகவே அது செல்லாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் எடுபடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று இருந்தவை 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன, சாரம் அதேதான். குற்றம் சாட்டப்பட்டவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கிடைத்தால், அதைக் காட்டிக்கொடுத்த வரி மட்டும் நிற்கும். “கிணற்றுக்குப் பின்னால் கத்தியைப் புதைத்தேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்” நிற்கும். “நான்தான் குத்தினேன்” நிற்காது. அதனால்தான் வி.ஏ.ஓ.வையும் அவருடைய உதவியாளரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போய், பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜர் எழுதுகிறார்கள். இந்த நாவலில் கத்தியே கிடைக்கவில்லை. மருமகன் விடுதலையாகிவிடுவான். அதற்குள் நாவலை முடித்துவிட்டார் ஆசிரியர்.

சரி, உங்கள் கேள்வி. துப்பறிபவரைப் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அகதா கிறிஸ்டிக்கே தான் படைத்த துப்பறிவாளர் பாய்ரோவைப் பின்னாளில் சகிக்க முடியவில்லை. ஆனால் கிறிஸ்டி முதல் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர். எந்த விஷம் எப்படி வேலை செய்யும் என்பது அவருக்குக் கைப்பாடம். பாய்ரோவின் மீசையைப் பொறுத்துக்கொள்ள அது போதும். நம் ஆசிரியருக்கு வேலை தெரியாது. தெரியாத இடத்திலெல்லாம் கோபத்தை வைத்து நிரப்பியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் கத்தும் பக்கங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வொன்றிலும் அவர் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை காணாமல் போயிருக்கும்.

இறந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகாலமாக நான் புலம்பும் விஷயம் இது. புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு டாக்டர் வருகிறார், உடம்பைத் தொட்டுப் பார்க்கிறார், “நேற்று ராத்திரி பத்தரையிலிருந்து பதினொண்ணுக்குள்ள” என்கிறார். மொத்த நாவலும் அந்த அரைமணி நேரத்தின் மேல் நிற்கிறது. யார் எங்கே இருந்தார்கள், யார் பொய் சொல்கிறார்கள், எல்லாம் அதை வைத்துத்தான்.

உயிர் போன உடம்பு ஆறுவதற்கு வெளிச்சூடு குறைவாக இருக்க வேண்டும். குளிர்நாட்டு அறையில் 20 டிகிரி என்றால் 37இலிருந்து மளமளவென்று இறங்கும், கணக்குப் போடலாம். வேலூர் மே மாதத்தில், ஜன்னல் சாத்திய தளம்போட்ட வீட்டில், நள்ளிரவிலும் 33, 34 டிகிரி சாதாரணம். இறங்க இடமே மூன்று, நான்கு டிகிரிதான். அதிலும் முதல் அரைமணி, ஒருமணி நேரம் சூடு இறங்கவே இறங்காது. இறந்தவருக்குக் காய்ச்சல் இருந்திருந்தால் ஆரம்பமே 39. பகலில் வெளியே 40 தொட்டால் சடலம் ஆறுவதற்குப் பதில் சூடேறவும் செய்யும். இதில் கையால் தொட்டுப் பார்த்து என்ன சொல்ல முடியும்? அளப்பதென்றால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும், அறையின் சூட்டையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

அடுத்து விறைப்பு. கண்ணிமை, தாடை, கழுத்து, கை, கால் என்று வெளியே தெரியும். நம் கோடையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கிவிடும், ஒரு நாளுக்குள் தளரவும் ஆரம்பிக்கலாம். கத்திக்குத்துக்கு முன் போராடிக் களைத்தவருக்கு இன்னும் சீக்கிரம். ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கிய கருஞ்சிவப்புத் திட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளுக்காவிட்டால் பல மணி நேரம் ஆகிவிட்டது. திட்டு முதுகில் இருந்து, உடம்பு குப்புறக் கிடந்தால், யாரோ புரட்டியிருக்கிறார்கள். இந்த நாவலில் அப்படித்தான் கிடக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை பூப்பது, ஈ முட்டையிடுவது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் “பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு இறந்திருக்கலாம்” என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேர இடைவெளிதான் நிஜமான மர்மக்கதை. அதை அரைமணியாகச் சுருக்கிக் கொடுத்தால் இன்ஸ்பெக்டருக்குக் கத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை.

மற்ற பிழைகளை விடுங்கள். ரத்தக்கறை பட்ட வேட்டியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டுகிறார்கள். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்து டி.என்.ஏ. கெடும். விஷமும் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு உள்ளுறுப்புகளை ஃபார்மலினில் போடுகிறார்கள். ஃபார்மலினில் போட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வழக்கமாக, இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்புப் போட்ட கரைசல்தான். ஜாடியின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுவார்கள், வாயு சேர்ந்து வெடிக்காமல் இருக்க. அந்த உப்பிலும் கொஞ்சம் தனியாக லேபுக்குப் போகும், விஷம் உப்பில்தான் இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லாமல் இருக்க. செல்போன் டவர் லொகேஷனை வைத்து சந்தேகத்துக்குரியவன் எந்த அறையில் நின்றான் என்று கண்டுபிடிப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

பன்னிரண்டு மணி நேரத்தைக் குறைக்க ஒரே வழி உயிரோடு இருப்பவர்கள்தான். கடைசியாக யார் பார்த்தது, அன்றைய மாத்திரை அட்டையில் காலியா, விளக்கு எரிந்ததா, கொடியில் காய்ந்தது எந்த நாள் துணி. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துக் கேட்க வேண்டும். சிடுமூஞ்சிக்கு அந்தத் தெருவில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். இவரோ குரைக்கிறார், எல்லோரும் வரிசையில் நின்று உண்மை சொல்கிறார்கள்! இவருடைய கோபத்தால் ஒரு சாட்சியாவது கதவைச் சாத்தியிருந்தால், அதைத் திறக்கத் தன்னோடு வரும் ஏட்டம்மாவைக் கெஞ்ச வேண்டி வந்திருந்தால், முரளி, உங்களுக்கு இவரைப் பிடித்திருக்காது, ஆனால் விட்டிருக்கவும் மாட்டீர்கள்.

11ஆம் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். புதன் காலை, வாசலில் இரண்டு பால் பாக்கெட் கிடக்கிறது, ஒன்று திரிந்து நாறுகிறது. இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏட்டம்மாவைத் திட்டியபடி தாண்டிப் போகிறார். தினமும் விடியற்காலை ஐந்துக்கு ஒரு பாக்கெட் போடுவதாகப் பால்காரர் 62ஆம் பக்கத்தில் சொல்கிறார். செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு இறந்தவர், செவ்வாய்க்கிழமைப் பாலை ஏன் எடுக்கவில்லை? ஆசிரியருக்கே தெரியாமல் விழுந்த தடயம். உங்கள் மனைவியிடம் அந்த இரண்டு பக்கத்தையும் மட்டும் வாசிக்கக் கொடுங்கள்.