கணினி இசைக்குறிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கு குரலும் பியானோவும் உள்ள பாட்டு. மியூஸ்ஸ்கோர் 4 என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் திறந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. விவரத்தில் 'மெஷர் 15, ஸ்டாஃப் 6 இன்கம்ப்ளீட், எக்ஸ்பெக்டட் 4/4, ஃபவுண்ட் 15/16' என்று இருக்கிறது. 15-ஆம் பாரில் (மெஷரில்) ஒரு குறையும் தெரியவில்லையே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் வேறு பாரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பாட்டு பிக்அப் பாரில் தொடங்கினால், அந்த அரைகுறைப் பாருக்கு அச்சில் எண் இராது. எச்சரிக்கை அதையும் சேர்த்தே எண்ணுகிறது. அப்படியானால் கெட்டது அச்சில் 14 என்று இருக்கும் பார். ஸ்டாஃபையும் (ஐந்து கோட்டு வரியையும்) மேலிருந்து எண்ணுங்கள்: குரல்கள் நான்கு, பியானோ வலது கை 5, இடது கை 6.

15/16 என்றால் ஒரு பதினாறாம் நோட்டு அளவு காலம் குறைகிறது. 4/4 தாளத்தில் ஒவ்வொரு பாரின் நோட்டும் ரெஸ்ட்டும் (மௌனக் குறியும்) கூட்டினால் நான்கு கால் நோட்டு வந்தாக வேண்டும். அதைக் காப்பது மென்பொருளின் வேலை. தவறவிட்டது அதன் பிழை, உங்களுடையது அல்ல. ட்ரிப்லெட் (இரண்டு நோட்டின் காலத்தில் மூன்று நோட்டு) உள்ள இடங்களை வெட்டி ஒட்டும்போதும், எழுதி முடித்த பகுதியில் தாளக்குறியை மாற்றும்போதும் கவனம் தேவை.

முதலில் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். எச்சரிக்கையில் 'ஓபன் எனிவே' கொடுத்துத் திறந்து, அந்த பாரைத் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவின் வாய்ஸஸ் (ஒரே ஸ்டாஃபில் தனித்தனியே ஓடும் இழைகள்) பகுதியில் 'எக்ஸ்சேஞ்ச் வாய்ஸ் 1-2' என்பதை இருமுறை கொடுங்கள். இரண்டாம் வாய்ஸில் வேண்டாத ரெஸ்ட் மிஞ்சினால் அழித்துவிடலாம். சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் அந்த பாரையே மாற்ற வேண்டியதுதான். டெலீட் விசையை மட்டும் தட்டினால் நோட்டு போய் ரெஸ்ட் வரும். பாரின் நீளக் குறை அப்படியே நிற்கும். கன்ட்ரோல் + டெலீட்தான் பாரை நீக்கும். ஆனால் அது எல்லா ஸ்டாஃபிலும் அந்த பாரை நீக்கிவிடும். சோப்ரானோ வரியும் சேர்ந்தே போகும். அதனால் முன்கூட்டியே, கெட்ட பாரைத் தேர்ந்தெடுத்து இன்செர்ட் விசையை அழுத்துங்கள். அதற்கு முன்னால் ஒரு வெற்று பார் வரும். நல்ல ஐந்து ஸ்டாஃபையும் அதில் நகலெடுத்து ஒட்டுங்கள். ஆறாவதைக் கையால் அடியுங்கள். ஒட்டினால் கோளாறும் கூடவே வரக்கூடும். பிறகு கெட்ட பாரை நீக்குங்கள். பார்க்கோட்டைத் தாண்டிப் போன டை, ஸ்லர் குறிகளை (நோட்டுகளை இணைக்கும் வளைகோடுகளை)த் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: மியூஸ்ஸ்கோர் 4-ல் சேமிக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது கோப்பு திறக்கவே மறுக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில், மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்துப் பாருங்கள். புள்ளியில் தொடங்கி 'எம்எஸ்சி பேக்கப்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள நகலை வெளியே எடுத்து, பெயரின் முன்னுள்ள புள்ளியையும் கடைசியிலுள்ள அலைக்குறியையும் நீக்கித் திறங்கள். கடைசிச் சேமிப்புக்கு முந்தைய நிலை கிடைக்கும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் அடித்த பாடல் வரிகள் நண்பரின் கணினியில் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பாமினி, தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோட் முறை அல்ல. நீங்கள் அடித்த 'அம்மா' கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றுதான் பதிந்திருக்கிறது. பாமினி இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். நண்பரின் கணினியில் எழுத்துருவை நிறுவினால் அன்றைக்குக் காரியம் நடக்கும். நிலையான வழி, வரிகளை யூனிகோடுக்கு மாற்றுவதே.

டூல்ஸ் மெனுவில் பாடல் வரிகளை நகலெடுக்கும் கட்டளை இருக்கிறது. நகலெடுத்து, யூனிகோட் மாற்றியில் மாற்றி, ஒரு சரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டில் வரிகள் அடிக்கும் நிலைக்குப் போய் கன்ட்ரோல் + வி-யைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அசை அசையாக அடுத்தடுத்த நோட்டுக்கு இறங்கும். அசைகளுக்கு இடையிலுள்ள சிறு கோடுகளை நீக்கிவிடாதீர்கள். 'வந்-தான்' என்பதுபோல் மெய்யெழுத்து முந்தைய அசையோடு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஃபார்மட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் வழியாகப் போய் 'லிரிக்ஸ் ஆட் லைன்ஸ்', 'லிரிக்ஸ் ஈவன் லைன்ஸ்' இரண்டுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யுஐ கொடுங்கள். முதலாவதை மட்டும் மாற்றினால் இரண்டாம் சரணம் பழைய எழுத்துருவிலேயே நிற்கும்.