மெர்ட்டன் மனப்பாடம், ஆனால் விடை எழுத வரவில்லை என்றால்

சமூகம் காட்டும் இலக்குக்கும் வழிக்கும் மனிதர்கள் எப்படி ஈடுகொடுக்கிறார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் பிரித்த ஐந்து வகைகளையும் ஒப்பிக்கும் உங்கள் மாணவி, தேர்வுக் கேள்வி ‘மதிப்பிடுக’ என்றால் திணறுகிறார் என்கிறீர்கள். மறுபடி விளக்காதீர்கள், சம்பவத்தை முதலில் கொடுத்து, கோட்பாட்டைப் பிறகு எடுங்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: 1938-இல் மெர்ட்டன் தந்த வகைப்பாட்டின் அச்சாணி, சமூகம் காட்டும் இலக்கும் அதை அடைய அனுமதிக்கும் வழியும். அது பிடிபடாமல் பெயர்கள் மட்டும் தங்கிவிடுகின்றன.

சோதித்துப் பாருங்கள். முன்னேறும் ஆசையே அற்றுப்போய், விதி பிசகாமல் கோப்பு நகர்த்தும் எழுத்தர் எந்த வகை? ‘சடங்குவாதம்’ என்றால் போதாது. "இலக்கை விட்டார், வழியை விடவில்லை" என்று மாணவியின் வாயால் வர வேண்டும். அதுவரை நீங்கள் குறுக்கிடாதீர்கள் (கஷ்டம்தான்). அடுத்து, காசு எதுவும் கிடைக்காத சுவர்க் கிறுக்கலைப் பற்றிக் கேளுங்கள். பண இலக்கே இல்லாத மீறல் என்பதால், மெர்ட்டன் தடுமாறும் இடம் அது. மதிப்பீட்டுப் பத்தி அங்கிருந்துதான் பிறக்கும்.

அடிப்படைச் சொற்களே தெரியாதவரிடம் இது பலிக்காது. அவர்களுக்கு முதலில் நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள்.