முளைப்பு ஊக்கி மருந்து வாங்கலாமா?

கேள்வி: வீட்டுக்குள் எல்.ஈ.டி. விளக்கு பொருத்திச் சின்னதாகத் தோட்டம் போட்டிருக்கிறேன். தக்காளி, மிளகாய், லெட்யூஸ் (சாலட் கீரை) விதைகளை ஈர டிஷ்யூவில் வைத்து, ஒரே டப்பாவில் மூடி, டப்பாவைச் சூடான இடத்தில் வைத்தேன். தக்காளி முளைத்தது, தொட்டிக்கு மாற்றியதும் சாய்ந்துவிட்டது. மிளகாய் பாதி அழுகிவிட்டது. லெட்யூஸ் அசையவே இல்லை. விதை விற்றவரே ‘முளைப்பு ஊக்கி’ என்று ஒரு மருந்தும் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முளைப்பதற்கான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. நாம் தர வேண்டியது நீர், காற்று, அளவான சூடு, அவ்வளவுதான். உங்கள் டப்பாவில் நீர் கூடிப்போய்க் காற்று குறைந்திருக்கிறது. விதையும் மூச்சுவிடும், நீரில் மூழ்கிக் கிடந்தால் திணறிச் சாகும், பிறகு பூஞ்சை பிடிக்கும். டிஷ்யூவை நனைத்துப் பிழிந்துவிடுங்கள், தூக்கிப் பிடித்தால் சொட்டக் கூடாது. தினம் ஒரு முறை டப்பாவைத் திறந்து மூடுங்கள். மிளகாய்க்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. அப்படியும் சில ரகங்கள் இரண்டு, மூன்று வாரம் இழுக்கும், பொறுங்கள்.

தக்காளியில் வேர் அரை சென்டிமீட்டர் எட்டியதுமே மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் வேர் டிஷ்யூவுக்குள் புகுந்து, பிரிக்கும்போது நுனி ஒடியும். தூக்கும்போது விதைத்தோலைப் பிடியுங்கள். சாய்ந்த நாற்றின் அடித்தண்டு மண்ணை ஒட்டி நூலாக இளைத்துக் கருத்திருந்தால் அது நாற்றழுகல், பிழைக்காது. தண்டு வெளிறி நீண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை. விளக்கை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள்.

லெட்யூஸ் கதை வேறு. மற்ற இரண்டும் இருட்டிலேயே முளைக்கும். லெட்யூஸின் பல ரகங்களுக்கு வெளிச்சம் பட்டால்தான் விழிப்பு வரும். சிவப்பொளி இந்த விதையை எழுப்புகிறது, அதற்கும் அப்பாலுள்ள தூரச்சிவப்பு ஒளி திரும்ப உறங்கவைக்கிறது என்று 1952-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் காட்டியதே லெட்யூஸ் விதையை வைத்துத்தான். அதனால் புதைக்காதீர்கள், ஈர மண்மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தி, தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். இன்னொன்று, மிளகாய்க்கு இதமான 30 டிகிரியில் லெட்யூஸ் உறங்கிவிடும். 20 டிகிரியை ஒட்டிய குளுமைதான் அதற்குச் சரி. ஒரே டப்பாவில் வைத்ததுதான் தவறு. உங்கள் விதை செத்திருக்க வேண்டும் என்றில்லை. குளிர்ந்த, வெளிச்சமான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

இனி அந்த விற்பனையாளருக்கு வருவோம். மூட்டையாக வாங்கி, ஜிப் கவரில் பிரித்துப் போட்டு, அழகான படம் ஒட்டி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்றால் யோசிக்கவே வேண்டாம், மோசடி. விதை உறையில் முளைப்புத்திறன் சதவீதம், சோதித்த தேதி, குவியல் எண் (எந்தத் தொகுப்பைச் சேர்ந்த விதை என்று காட்டும் எண்) மூன்றும் இருக்க வேண்டும். பல நாடுகளில் சட்டமே இவற்றைக் கேட்கிறது. கேட்டு என்ன பயன்? பிரித்துக் கட்டும்போது முதலில் தொலைவது அந்த லேபிள்தான். புகார் கொடுத்தால் விற்பனைத் தளம் ஒரு கணக்கை முடக்கும், அதே ஆள் மறுவாரம் வேறு பெயரில் அதே படத்தோடு வந்து நிற்பார். பழைய விதையை விற்றுவிட்டு, முளைக்கவில்லை என்றால் ஊக்கி மருந்தை நீட்டுவது இவர்களுடைய இரண்டாவது வியாபாரம். உயிர் போன விதையை எந்த மருந்தும் எழுப்பாது.

புதிதாக வாங்கினால் மொத்தத்தையும் விதைக்காதீர்கள். முதலில் 10 விதையை டிஷ்யூவில் வைத்து எண்ணுங்கள். அந்தப் பயிருக்கான நாள் கடந்தும் ஐந்துகூட முளைக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். “தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள்” என்றுதான் பதில் வரும். அதனால் வைத்த அன்றே டிஷ்யூவில் தேதி எழுதி, உறையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.